மாடியிலிருந்து எறிந்த மாங்கனி

1

நேற்றோடு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். புதுச்சேரிக்காரர்கள் வாயில் வக்கான்ஸ், நம் வாயில் லீவு. எப்படிச் சொன்னால் என்ன, இந்த மழைக்காலம் முடியும்வரை மூன்று பிள்ளைகளும் என் தலையில்தான். புத்தகப் பையை மூலையில் வீசியதும் கடைக்குட்டி பாப்பு கேட்டாள்:

"நாளைக்கு என்ன நாளும்மா?"

"செவ்வாக்கெழம."

"அது இல்லம்மா. என்ன நாளு?"

எனக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. "இந்த வருசம் ஒரு நாளும் கெடையாது, போடி" என்று விரட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

காரைக்காலில் இருக்கும் நீங்கள் இதைப் படித்தால், பச்சைப்பிள்ளை கேட்டதில் குமட்ட என்ன இருக்கிறது என்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு. சைகோன் வாழ்க்கை என்றால் சென்ட்டும் சீட்டித் துணியும்தான் என்று நினைத்து, மகளுக்கு இங்கே மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்பவர்கள் அவசியம் படிக்கவும்.

2

போன வருடம் ஆனி மாதம். வடக்கே தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் பட்டாளம் மண்ணைக் கவ்வி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பக்கம் நம் காரைக்காலிலோ எந்தக் கொடியை ஏற்றுவது, எந்தக் கொடியை இறக்குவது என்று அடிதடி. என் வீட்டுக்காரர் கான் ஹொய் துறைமுகத்தில் சுங்க அலுவலக எழுத்தர். பிரெஞ்சுக் குடி என்று காகிதம் உள்ளவர். ஒரே சமயத்தில் இரண்டு ஊரிலும் எஜமான் மூட்டை கட்டுகிறான் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. காலையில் டையைக் கட்டிக்கொண்டு, தெரு முனையில் நிற்கிற சிப்பாய்க்கு "பொன்ழூர்" சொல்லிவிட்டு, மாலையில் அதே டையோடு திரும்பி வருவார். அந்த டையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வரும்.

நாங்கள் இருப்பது பென் தான் சந்தைக்குப் பின்னால், மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில். கீழே இறங்கினால் தெரு. தெருவில் எப்போது எங்கே குண்டு விழும் என்று யாருக்கும் தெரியாது. காப்பிக்கடையில் எறிவார்கள், சினிமாக் கொட்டகை வாசலில் எறிவார்கள். எறிந்தவன் தப்பித்துவிடுவான், பக்கத்தில் நின்றவன் மாட்டிக்கொள்வான். அதனால் பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது. வீட்டிலேயே வைத்திருந்தால் ஒன்றை ஒன்று கடித்துத் தின்றுவிடும்.

அதற்காகக் கண்டுபிடித்ததுதான் இந்த 'நாள்' ஏற்பாடு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர். காலையில் பெயரைச் சொல்லிவிட்டால் பொழுது சாயும்வரை எல்லாம் அதன்படிதான் நடக்க வேண்டும், சாப்பாடு உட்பட. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் சந்தை நாள். எட்டு வயது சேகர் கடை போட்டான். அடுப்படியில் இருந்த காய்கறியெல்லாம் அவன் சரக்கு. பாப்பு வெங்காயம் வாங்கப் போனால், "சரக்கு இல்ல, நாளைக்கு வா" என்கிறான். பார்த்தால் கட்டிலுக்கு அடியில் கூடை நிறைய வெங்காயம். விலை ஏறட்டும் என்று பதுக்கி வைத்திருக்கிறானாம். எந்தக் கடைக்காரனிடம் கற்றுக்கொண்டானோ, நல்ல மாணாக்கன்.

அப்புறம் கப்பல் நாள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஏறி உட்கார்ந்தார்கள். கப்பல் எங்கே போகிறது என்றேன். மூத்தவள் கமலா மார்செய் என்றாள். பாப்பு, குளிர் ஊர் என்பதற்காகத் தலாத் என்றாள். அது மலைமேல் இருக்கிறது, கப்பல் போகாது என்றாலும் கேட்கவில்லை. சேகர் கப்பலைக் கொள்ளையடிக்கப் போகிறானாம். காரைக்கால் பக்கம் போக ஒருவரும் தயாராக இல்லை.

தமிழ் நாள் என்று ஒன்று வைத்தேன். அன்று முழுக்கத் தமிழில்தான் பேச வேண்டும். பத்து மணிக்கெல்லாம் வீடு கப்சிப். பரவாயில்லையே, மரியாதை வந்துவிட்டதே என்று எட்டிப் பார்த்தால், மூன்றும் ஊமைச் சைகையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பிரெஞ்சில் பாடம், வியட்நாமியில் விளையாட்டு, தமிழில் என் திட்டு. திட்டு மட்டும் தெரிந்தால் பேச்சு வருமா?

ஒரு நாள் நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர்களே ஒரு நாளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சோதனை நாள். திரும்பி வந்தால் படி உச்சியில் புடவை உலர்த்தும் கயிற்றைக் குறுக்கே கட்டி, விளக்குமாற்றைத் தோளில் வைத்துக்கொண்டு சேகர் நிற்கிறான். "காகிதம்!" என்று என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் அதட்டுகிறான். உள்ளே கூடத்தில் ஒரு பாய் விரித்துக் கிடந்தது. பாய்க்கு வெளியே இரண்டு சின்னப் பாதங்கள். பாப்புதான் பிணம். "காலை ஆட்டாதடி, செத்தவங்க ஆட்டமாட்டாங்க" என்று கமலா சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சனியனும் ஆட்டாமல்தான் கிடந்தது. அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது அவர்களுக்கு.

நான் பாயைச் சுருட்டி எறிந்தேன். இந்தப் போரும், இந்தப் பட்டாளமும், இதற்கு நடுவே எங்களைக் கொண்டுவந்து வைத்த அந்த டையும், எல்லாமே எனக்கு அருவருத்துப் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன்: "நாளன்னிக்குப் பௌர்ணமி. மாங்கனி நாள் கொண்டாடுறோம்."

3

உங்களுக்கு மாங்கனித் திருவிழாவைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது படிக்கக்கூடும். காரைக்கால் அம்மையாருக்கு ஆனிப் பௌர்ணமியில் நம் ஊரில் எடுக்கிற விழா. சிவபெருமான் பிச்சாண்டியாக வீதிவலம் வருவார். பிச்சை கேட்டு வந்த சாமிக்கு மாம்பழம் என்று வீட்டு மாடிகளிலிருந்தெல்லாம் கூடை கூடையாக எறிவார்கள். கீழே கூட்டம் முந்தானையை விரித்து ஏந்தும். பிள்ளை இல்லாதவர்கள் அப்படி ஏந்திய பழத்தைச் சாப்பிட்டால் வயிறு திறக்கும் என்பது நம்பிக்கை. கையில் கொடுத்து வாங்கினால் பலிக்காது. எறிந்ததைத்தான் ஏந்த வேண்டும்.

சந்தையில் அரை நாள் அலைந்தேன். இந்த ஊர் மாம்பழம் நீளமாக, மூக்கும் முழியுமாக இருக்கும். எனக்கு நம் ஊர்ப் பழம் மாதிரி உருண்டையாக வேண்டும். கனிந்த பழம் விழுந்தால் சிதறும் என்பதால் கெட்டியான பச்சைக் காயாகவே பொறுக்கினேன். உருண்டை, பச்சை, கெட்டி. கைக்கு அடக்கமாக ஒரு கூடை.

எங்கள் வாசல்படியில் ஒருத்தி தினமும் காலையில் ஒட்டரிசிச் சோறு விற்பாள். கோ தாம் என்று கூப்பிடுவோம். கோ என்பது மரியாதைக்கு, தாம் என்றால் எட்டு; இங்கே பெண்களைப் பிறந்த வரிசையை வைத்தே கூப்பிடுகிறார்கள். புருசன் கான் ஹொய்யில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமாகிப் பல வருடம், வயிற்றில் ஒன்றுமில்லை. மாமியார்க்காரி மகனுக்கு இன்னொருத்தியைப் பார்த்து வைத்துவிட்டாள், தெத் என்கிற இவர்கள் புது வருடப் பண்டிகைக்குள் இவள் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு. இதையெல்லாம் எனக்குச் சொன்னது கமலா. எனக்குத் தெரிந்த வியட்நாமிப் பேச்சு சந்தையில் விலை கேட்பதோடு சரி. கமலாவுக்கோ கோ தாமோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் சோறு தண்ணி வேண்டாம்.

மாங்கனி நாளுக்கு முதல் நாள் கமலா வந்து சொன்னாள்: "அம்மா, கோ தாமும் ஏந்தலாமான்னு கேக்குறா."

"என்னத்த?"

"மாம்பழம். நான்தான் சொன்னேன். சாப்ட்டா பாப்பா பொறக்கும்ல? அவங்க ஊரு ஆளுங்களுக்கும் பலிக்குமான்னு கேட்டா."

நான் சிரித்துவிட்டு, அம்மையாருக்கு எந்த ஊராக இருந்தால் என்ன, வரச் சொல் என்றேன்.

4

காலையிலிருந்தே வீடு கலகலவென்று இருந்தது. சேகருக்கு விபூதி பூசி, தகரக் குவளையைக் கையில் கொடுத்துப் பிச்சாண்டி ஆக்கினோம். முதலில் கூடத்துக்குள்ளேதான் எறிந்தோம். இரண்டாவது காயிலேயே என் வீட்டுக்காரருடைய கண்ணாடி உடைந்தது. அதனால் பால்கனிக்குப் போனோம். பிச்சாண்டியைத் தெருவில் இறக்க நான் சம்மதிக்கவில்லை; பால்கனியிலேயே நின்று பிச்சை கேள் என்று விட்டேன். கீழே எட்டிப் பார்த்தேன். எதிர்க்கடையில் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிக்ளோக்காரன் தன் மிதிவண்டி ரிக்ஷாவுக்குள்ளேயே தூங்கினான். கோ தாம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஓலைத் தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

தெருவுக்கு முதல் காயை நான்தான் எறிந்தேன். கை தப்பி நடுத்தெருவில் விழுந்து உருண்டது.

எதிர்க்கடையில் ஒருவன் "குண்டு!" என்று அவர்கள் பாஷையில் அலறினான். அவ்வளவுதான். காப்பிக் கோப்பைகள் உடைந்தன. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு குப்புற விழுந்தார்கள். சிக்ளோக்காரன் வண்டியிலிருந்து உருண்டு சாக்கடைக்குள் போனான். கடைப் பலகைகள் தடதடவென்று மூடின. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, யாரோ எங்கேயோ குண்டு போட்டுவிட்டார்கள் என்று நானும் பதறினேன். அதற்குள் கமலா அடுத்த காயை விட்டெறிந்துவிட்டாள்.

அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் கோ தாம். தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அந்தக் காயை நோக்கி ஓடினாள். ஏந்திவிட்டாள். தொப்பிக்குள் அது தொப்பென்று விழுந்ததும் எங்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். ரோந்து ஜீப் முனை திரும்பியது அப்போதுதான்.

துப்பாக்கிக் கட்டையால் முதல் அடி. அவள் விழுந்தும் தொப்பியை விடவில்லை. நான் பால்கனியிலிருந்து "மாங்கா! மாங்கா!" என்று தமிழில் கத்துகிறேன். கமலா பிரெஞ்சில் கத்துகிறாள். யார் காதில் விழும்?

நாலு சிப்பாய்கள் மேலே வந்தார்கள். கூடையைப் பார்த்தார்கள், விபூதியோடு அழுதுகொண்டு நின்ற பிச்சாண்டியைப் பார்த்தார்கள், சுவரில் மாட்டியிருந்த இவருடைய அலுவலகப் படத்தைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவன் சிரித்துவிட்டான். "மன்னிக்க வேண்டும் மதாம்" என்று என்னிடம் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான். போகும்போது கூடையிலிருந்து இரண்டு காய்களை எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கீழே போய்க் கோ தாமை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எறிந்தவளுக்கு மரியாதை, ஏந்தினவளுக்கு விலங்கு. தூ!

5

இவர் மாலையில் வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்கிட்டியே. யாரு சொல்லி எறிஞ்ச?"

"அது கெடக்கட்டும். ஸ்டேசனுக்குப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"நான் போவல. நம்ம காயிதம் அவங்க மேசைல இருக்கு. பிரான்சுக்குப் போறதா, ஊருக்குப் போறதான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். இப்பப் போயி ஒரு சோத்துக்காரிக்காக வாயத் தொறக்கச் சொல்றியா?"

டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னார். அன்று இரவே கோயிலுக்குப் போய் நம் ஆட்களைக் கேட்டேன். பெரிய மனிதர்கள், விபூதி பட்டை, விரலில் மோதிரம். "நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு" என்று குங்குமத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வெள்ளைக்காரன் இருந்தவரை அவன் நிழலில் நின்றவர்கள். அவன் கிளம்பும்போது பார்த்துத் தர்மம் பேசுவார்களா?

மறுநாள் காலையில் கமலாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். போலீஸ் நிலையத்தில் துபாஷி நம் புதுச்சேரிக்காரர், அந்துவான் என்று பெயர். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நம் பாஷையில் சொல்லலாமே. போலீஸ் அதிகாரி கொமிசேரின் மேசைமேல் அந்த மாங்காய் இருந்தது. காம்பில் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாகப் பிளந்தும் பார்த்திருந்தார்கள், உள்ளே கொட்டைதான் இருந்திருக்கும்.

கொமிசேர் கேட்டது ஒரே கேள்வி. தெருவே படுத்துவிட்டது, இவள் மட்டும் ஏன் குண்டை நோக்கி ஓடினாள்? குண்டில்லை என்று இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நிஜக் குண்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்குத்தானே பொய்க் குண்டு தெரியும்? தவிர, அவளுடைய அடையாளச் சீட்டு மீத்தோ ஊருடையது. இங்கே அவளுக்கு என்ன வேலை?

நான் முதலிலிருந்து சொன்னேன். பிச்சாண்டி, அம்மையார், பிள்ளை வரம், அதனால்தான் அவள் ஓடினாள் என்று. அந்துவான் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, இரண்டே வார்த்தை பிரெஞ்சில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

கமலா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, இவரு நீ சொன்னதச் சொல்லல. லீவுல பிள்ளைங்க வெளையாண்டாங்கன்னு மட்டும் சொல்றாரு. கோ தாமப் பத்தி ஒண்ணுமே சொல்லல."

"ஏன் ஐயா?" என்றேன்.

"மதாம்," என்று குரலைத் தாழ்த்தினார் அந்துவான், "சாமி பிச்ச எடுக்குது, மாங்கா தின்னா புள்ள பொறக்குதுன்னு நான் போயி வெள்ளக்காரங்கிட்டச் சொல்லவா? நம்ம எல்லாரையும் காட்டுமிராண்டின்னு நெனைப்பான். உங்களுக்குத்தான் ஆபத்து ஒண்ணுமில்லியே. வீட்டுக்குப் போங்க."

அந்த மனிதருடைய மானத்துக்காக ஒருத்தி உள்ளே கிடந்து அடி வாங்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் கமலா எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொமிசேரைப் பார்த்து நேராகப் பிரெஞ்சில் பேசினாள். கோ தாமுக்குக் குழந்தை வேண்டும், மாமியார் இன்னொரு பெண் பார்த்திருக்கிறாள், எறிகிற பழத்தை ஏந்தினால்தான் பலிக்கும், அதனால் ஓடினாள், நான்தான் அவளிடம் சொன்னேன். பதினோரு வயதுப் பெண்.

கொமிசேர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் திருப்பிச் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். அந்துவானும் சிரித்தார், எஜமான் சிரித்துவிட்டதால். கோ தாமை வெளியே கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு கண் மூடிப்போய், காது வீங்கி, உதடு கிழிந்து வந்தாள். ஒருவன் மாங்காய்த் துண்டை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துத் தடவிக் காட்டினான். வாசல் காவல்காரன் அவள் பாஷையிலேயே என்னவோ சொன்னான். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். கமலாவின் முகம் கறுத்துப்போயிற்று.

"என்னடி சொல்றான்?"

"ஒண்ணுமில்ல."

சிரித்து ஓய்ந்ததும் போ என்று விட்டுவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்கு விடுதலை கிடைத்தது என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குப் பொழுது போனதற்குக் கிடைத்த விடுதலை அது. அதன்பிறகு என்னோடு எந்த நாளும் கமலா கொண்டாடவில்லை. பிரான்சில் விடுதிப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அப்பாவைக் கேட்டாள். அனுமதி வந்தால் இந்த மார்கழிக்குள் கப்பல் ஏறிவிடுவாள்.

6

கோ தாம் சில நாள் வாசலுக்கு வரவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம், நல்ல மழை, கதவைத் தட்டினாள். உதட்டில் பொருக்குத் தட்டியிருந்தது. தொப்பி இல்லை, போலீஸ் நிலையத்திலேயே போயிற்று. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று கமலாவைக் கூப்பிட்டேன்.

அவள் பேசினதைக் கமலா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ ஏந்தின மாங்காய அவங்க வெட்டிட்டாங்களாம். சாப்புடல. அதனால பலிக்காதுல்லன்னு கேக்குறா. இன்னொண்ணு எறிவியான்னு கேக்குறா."

எனக்கு எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவு பட்டும் அவளுக்கு அந்தப் பழத்தின்மேல் கோபமில்லை. தெத் பண்டிகைக் கெடு அப்படியே இருக்கிறதே. பால்கனிப் பக்கம் போகவே பயமாக இருந்தது. தெருக்கதவைத் தாழிட்டேன். அவளைப் படிக்கட்டின் அடியில் நிற்கச் சொல்லிவிட்டு மேல்படிக்கு ஏறினேன். கூடையில் மிச்சமிருந்த காய்கள் பழுத்திருந்தன. அவள் சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். மேலே பார்த்துத் தலையை ஆட்டினாள்.

சிவனே என்று எறிந்தேன். மெதுவாகத்தான், குழந்தைக்குப் பந்து போடுகிற மாதிரி. பழம் கையை விட்டதும் அவள் சட்டையை விட்டுவிட்டாள். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். பழம் கதவில் பட்டுச் சிதறியது.

எழுந்து வெட்கத்தோடு சிரித்தாள். இன்னொன்று என்று விரலைக் காட்டினாள். கால்களை அகட்டி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை விரித்தாள். எறிந்தேன். குந்திவிட்டாள். கூடையில் பழம் தீரும்வரை எறிந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் ஏந்தத்தான் நின்றாள். ஒவ்வொரு தடவையும் தலையைத்தான் மூடிக்கொண்டாள்.